கண் திறக்கும் தூரிகையில் யாருடைய முடி?

தஞ்சாவூர் ஓவியத்தில் கண்ணைக் கடைசியில்தான் எழுதுவார்கள். பலாப் பலகையில் துணி ஒட்டி, சுக்கான் பொடியும் புளியங்கொட்டைப் பசையும் குழைத்துப் பூசித் தேய்த்து, கோடு போட்டு, கல் பதித்து, மக்குப் பசை வைத்து மேடு கட்டி, தங்க ரேக்கு என்கிற மெல்லிய தகடு ஒட்டி, வண்ணம் தீட்டி என்று வாரக்கணக்கில் போகிற வேலை அது. அத்தனையும் முடிந்த பிறகும் வெண்ணெய்த்தாழியோடு உட்கார்ந்திருக்கும் கிருஷ்ணன் வெறும் பொம்மைதான். கருவிழி வைத்து, இமையோரம் ஒரு கோடு இழுத்ததும் நம்மைப் பார்க்கத் தொடங்கிவிடுவான்.

நான் வேலை பழகிய பட்டறையில் அந்த ஒரு கோட்டுக்கென்று தனியாக ஒரு தூரிகை இருந்தது. மற்ற பிரஷ்கள் எல்லாம் எவர்சில்வர் டம்ளரில் நின்றுகொண்டிருக்கும். இது மட்டும் ஒரு பழைய பவுடர் டப்பாவுக்குள் பஞ்சு சுற்றிப் படுத்திருக்கும். ஒருநாள் எடுத்துப் பார்க்கப் போனேன்.

"அதைத் தொடாதீங்க தம்பி. கீரி அது" என்றார் ஐயா.

"கீரின்னா, கீரிப்பிள்ளைங்களாய்யா?"

"ஆமா. வடக்கேருந்து வருது. இந்த முனை வேற எதுலயும் நிக்காது."

அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சாயங்காலம் அவர் டீ குடிக்கப் போன நேரத்தில், ரேக்கு ஒட்டியதைச் சரிபார்க்கும் லென்ஸை வைத்துப் பார்த்தேன். முனை கரும்பழுப்பு, நடுவில் பாலேட்டு நிறம், அடியில் மறுபடி பழுப்பு. ஒரே முடியில் இத்தனை பட்டை. வரப்பில் ஓடும் கீரியின் முதுகில் கம்பும் எள்ளும் கலந்து தூவியதுபோல ஒரு நிறம் தெரியுமே, அது இப்படித்தான் உண்டாகிறது என்று அன்றைக்குப் புரிந்தது. அந்த முடி கீரியை விட்டு எப்படிப் பிரிந்தது என்ற கேள்வி பல வருடம் கழித்துத்தான் என்னைப் பிடித்தது. பிடித்த பிறகு விடவில்லை.

முதலில், ஓவியர்கள் பிராணி முடிக்காக ஏன் இப்படி அலைகிறார்கள் என்று பார்த்துவிடலாம். பிராணியின் முடி அடியிலிருந்து நுனிவரை ஒரே கனமாக இருப்பதில்லை. நடுவில் கொஞ்சம் புடைத்து, நுனியில் தானாகவே கூர்ந்து முடியும். அதன் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத செதில்கள் உண்டு. அந்தச் செதில்களுக்கும் முடிகளுக்கு இடையிலுள்ள சந்துகளுக்கும் வண்ணநீர் ஏறி நிற்கும். அழுத்தினால் இறங்கும், கையை எடுத்தால் நிற்கும். அதனால்தான் நல்ல தூரிகை செய்பவர்கள் நுனியைக் கத்தரிக்கவே மாட்டார்கள். நுனிகளைத் தட்டித் தட்டி ஒரு மட்டத்துக்குக் கொண்டுவந்து, அடிப்பக்கத்தைக் கட்டி உலோகக் குழாயில் செருகுவார்கள். கீரியின் முடிக்கு இதோடு ஒரு விறைப்பும் உண்டு. வளைத்துவிட்டால் உடனே நிமிரும். மெல்லிய கோட்டுக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? ஐயா சொன்னதில் பொய் இல்லை.

இந்த அறிவு நமக்குப் பழையது. 16-ஆம் நூற்றாண்டில் கேரளத்தில் ஸ்ரீகுமாரர் எழுதிய சில்பரத்னம், தூரிகைகளைப் பருமன், நடுத்தரம், நுண்மை என்று பிரித்து எதற்கு எந்த முடி என்றும் சொல்கிறது. பருமனுக்குக் கன்றுக்குட்டியின் காது முடி. நடுத்தரத்துக்கு ஆட்டின் வயிற்று முடி. நுண்மைக்கு ஒரு சிறு பிராணியின் வால் முடி. அணில் என்று பொருள் சொல்வார்கள். எனக்கு இதில் பிடித்தது, முடி யாருடையது என்பதை மறைக்காமல் சொல்லியிருப்பதுதான். இன்றைக்குக் கடையில் வாங்கும் தூரிகையின் கைப்பிடியில் எண் இருக்கும், பல சமயம் கம்பெனிப் பெயர் இருக்கும். பிராணியின் பெயர் இருக்காது. இருந்தாலும் நம்ப முடியாது. 'ஒட்டக முடி' என்று உலகம் முழுக்க விற்கும் தூரிகையில் ஒட்டகமே கிடையாது. அணில், வெள்ளாடு, மட்டக்குதிரை என்று அந்தந்த நேரத்துக்குக் கிடைத்த முடிதான் அந்தப் பெயரில் போகிறது.

சரி, கீரிக்கு வருவோம்.

காவிரிப் படுகையில் கீரியைத் தெரியாதவர் கிடையாது. குறுவை அறுப்பு முடிந்த வயலில், வாய்க்கால் மதகோரத்தில், வைக்கோல் போருக்கு அடியில் எங்கேயாவது குறுக்கே ஓடும். காலையில் கீரியைப் பார்த்துவிட்டு வெளியே கிளம்பினால் போன காரியம் நல்லபடியாக முடியும் என்பார்கள். விவசாயிக்கு அது செய்யும் வேலை இன்னும் பெரிது. வரப்பெலி நெல் கதிரை அறுத்து வளைக்குள் இழுத்துப்போய்ச் சேர்த்து வைக்கும். வரப்பைக் குடைந்து தண்ணீரை ஓடவிடும். எலிக்காக நம் ஆட்கள் மூங்கிலை வளைத்து நாண் கட்டிச் செய்த பொறிக்குத் தஞ்சாவூர்க் கிட்டி என்றே பேர். சம்பா வயலில் வரிசையாகக் கிட்டி வைக்கிற ஊரில், கூலி கேட்காமல் எலி பிடிக்கிற பிராணி கீரி. பாம்பையும் பிடிக்கும். அதை ஊரே அறியும் என்றாலும் நெல்லுக்கு அது செய்யும் உபகாரம் எலி பிடிப்பதில்தான் இருக்கிறது.

தமிழில் கீரியைக் கீரி என்பதோடு நிறுத்துவதில்லை. கீரிப்பிள்ளை. அணிலும் அப்படித்தான், அணிற்பிள்ளை. கிளிப்பிள்ளை, தென்னம்பிள்ளை என்று வீட்டோடு ஒட்டி வளர்பவற்றுக்கெல்லாம் 'பிள்ளை' சேர்க்கிற வழக்கம் நம்முடையது. இந்தியத் தூரிகையில் மிக மெல்லிய கோட்டுக்குப் பயன்பட்ட இரண்டு முடிகளும் நாம் பிள்ளை என்று அழைக்கிற இரண்டு பிராணிகளுடையவை என்பது ஒருநாள் உறைத்தபோது எனக்குச் சோறு இறங்கவில்லை.

காவிரி கடலில் கலக்கும் பூம்புகாரில் நடந்ததாகச் சிலப்பதிகாரம் ஒரு கதை சொல்கிறது. அடைக்கலக் காதையில் மாடலன் என்ற அந்தணன் அதைக் கோவலனுக்கு நினைவுபடுத்துவான். குழந்தைபோல வளர்த்த கீரியை ஒரு பார்ப்பனி அவசரத்தில் கொன்றுவிடுகிறாள். பாம்பிடமிருந்து குழந்தையைக் காத்த கீரி அது என்று உரைக்கதை விரியும். அவள் கையால் உண்ண மனமில்லாத கணவன், வடமொழி வாசகம் எழுதிய ஓலை ஒன்றைக் கொடுத்துவிட்டு வடக்கே போய்விடுகிறான். அவள் அந்த ஓலையை ஏந்திக்கொண்டு, இந்தப் பாவத்தைத் தீர்ப்பார் உண்டா என்று வணிகர் வீதியில் வீடு வீடாகப் போகிறாள். கோவலன் அவளை அழைத்து ஓலையை வாங்கி, தானம் கொடுத்துப் பழி தீர்த்து, கணவனையும் வரவழைத்துச் சேர்த்து வைக்கிறான். ஒரே ஒரு கீரி. அதற்கு ஓலை உண்டு, தெரு முழுக்கச் சொல்லி அழுத துயரம் உண்டு, தீர்க்க ஒருவன் உண்டு.

நம் டம்ளரில் நிற்கும் கீரித் தூரிகைக்கு அப்படி ஒரு ஓலை கிடையாது. கணக்கு மட்டும் இருக்கிறது. ஒரு கீரியில் கிடைக்கும் முடி சுமார் 40 கிராம். அதில் தூரிகைக்கு உதவும் நீளமும் தரமும் உள்ளது ஏறக்குறைய பாதி. ஒரு கிலோ தேறின முடி வேண்டுமென்றால் 50 கீரி சாக வேண்டும். இந்தியாவில் தூரிகைக்காக மட்டும் ஆண்டுக்கு 50,000 கீரிகளாவது கொல்லப்படுகின்றன என்பது காட்டுயிர் அமைப்புகள் முன்வைத்த மதிப்பீடு. ஆட்டு ரோமம் போலக் கத்தரித்துவிட்டுக் கீரியை விட்டுவிட முடியுமா என்று சிலர் கேட்பதுண்டு. அப்படி யாரும் செய்வதில்லை. கண்ணி வைத்துப் பிடிக்கிறார்கள், அடித்துக் கொல்கிறார்கள், பிறகு முடியைப் பிடுங்குகிறார்கள். கீரிப் பண்ணை என்று எதுவும் கிடையாது. ஆகவே கடையில் கிடைக்கும் ஒவ்வொரு கீரித் தூரிகைக்கும் பின்னால் காட்டிலோ வயலிலோ கொல்லப்பட்ட கீரி இருக்கிறது. இதில் நல்ல தூரிகை, கெட்ட தூரிகை என்று பிரிக்க இடமில்லை.

சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் நான்காம் அட்டவணையில் இருந்த கீரியை 2002-இல் இரண்டாம் அட்டவணையின் இரண்டாம் பகுதிக்கு உயர்த்தினார்கள். அந்தப் பகுதியில் உள்ள பிராணியைக் கொன்றாலோ, அதன் முடியில் செய்த பொருளை விற்றாலோ மூன்று ஆண்டுக்குக் குறையாமல் ஏழு ஆண்டுவரை சிறை என்று ஆனது. முடி சேரும் இடம் பெரும்பாலும் உத்தரப் பிரதேசத்தின் பிஜ்னோர் மாவட்டத்தில் உள்ள ஷேர்கோட். தூரிகைத் தொழிலுக்கே பேர்போன சிற்றூர் அது. அங்கே நேர்மையாக நைலான் தூரிகையும் பன்றி முடித் தூரிகையும் செய்து பிழைப்பவர்கள்தான் அதிகம். அந்த வியாபாரத்துக்குள் ஒளிந்துகொண்டுதான் கீரி முடியும் போகிறது. 2019 அக்டோபரில் மத்திய அரசின் வனவிலங்குக் குற்றத் தடுப்புப் பணியகம் 'ஆபரேஷன் கிளீன் ஆர்ட்' என்ற பெயரில் பல மாநிலங்களில் சோதனை போட்டது. 50,000-க்கு மேற்பட்ட தூரிகைகளும் 100 கிலோவுக்கு மேல் முடியும் பிடிபட்டன.

ஷேர்கோட் எங்கேயோ இருக்கிறது என்று நாம் நிம்மதியாக இருந்துவிட முடியாது. முடி பல மாநிலங்களிலிருந்தும்தான் அங்கே போகிறது. பிடித்துக் கொடுப்பவர்கள் நாடோடிச் சமூகங்களைச் சேர்ந்த ஏழைகள். வடக்கே சபேராக்கள், கர்நாடகத்தில் ஹக்கிபிக்கிகள், தமிழ்நாட்டில் நரிக்குறவர்கள் என்று சோதனை அறிக்கைகளில் பெயர் வருகிறது. கும்பகோணம், மயிலாடுதுறை பேருந்து நிலையங்களில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பாசிமணி விற்கிறார்களே, அந்த மக்கள். வேட்டைதான் தொழில் என்று தலைமுறை தலைமுறையாக இருந்தவர்களிடமிருந்து சட்டம் வேட்டையை எடுத்துக்கொண்டது. அதற்கு ஈடாக நிலமோ படிப்போ உடனே வரவில்லை. பழங்குடிப் பட்டியலில் அவர்களைச் சேர்க்கும் சட்டமே 2022 டிசம்பரில்தான் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. கண்ணி வைத்தவன் கையும் களவுமாகப் பிடிபடுவான், அவன் பெயர் பேப்பரில் வரும். அந்த முடிக்கு விலை உண்டாக்கியது தூரிகை வாங்கிய ஓவியன். என்னைப் போன்ற ஓவியன். ஒரு பேப்பரிலும் அவன் பெயர் வந்து நான் பார்த்ததில்லை. கீரி முடியை 'அவர்கள்' குற்றமாகப் பேசும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

கீரியில் விஷயம் தெளிவு. மற்ற முடிகளில் அவ்வளவு தெளிவு இல்லை.

அணிலை எடுத்துக்கொள்ளுங்கள். ராஜஸ்தான் சிற்றோவியக் கலைஞர்கள் அணிலைத் துணி போட்டுப் பிடித்து, வாலில் சில முடிகளை மட்டும் நறுக்கிக்கொண்டு விட்டுவிடுவார்கள். முடி மறுபடி வளர்ந்துவிடும். அணிலுக்குக் கொஞ்ச நேரம் பயம், அவ்வளவுதான். அந்த முடியைப் புறா இறகின் தண்டில் செருகித் தூரிகை செய்வார்கள். ஒரு கலைஞர் தன் தேவைக்கு இப்படிச் செய்வதில் எனக்குக் குறை சொல்லத் தோன்றவில்லை. கடையில் அணில் முடி என்று விற்பது வேறு சங்கதி. அது பெரும்பாலும் ரஷ்யா பக்கத்துக் குளிர்நாட்டு அணில். தோலுக்காகக் கொன்றபோது கிடைத்த வால். கும்பகோணம் பக்கத்துத் திருமண்டங்குடியில் பிறந்த தொண்டரடிப்பொடி ஆழ்வார், சேதுவுக்கு மணல் சுமந்த அணிலைச் சலமிலா அணில், அதாவது வஞ்சனை தெரியாத அணில் என்று பாடினார். ராமர் பட்டாபிஷேகம் எழுதும்போது அந்த அணிலை நினைக்காமல் இருக்க முடியுமா?

வெளிநாட்டு வாட்டர்கலர்க்காரர்கள் உயிராக மதிக்கும் கோலின்ஸ்கி தூரிகை, சைபீரிய வீசல் என்ற, கீரிபோல நீண்ட உடல் கொண்ட சிறு பிராணியின் வால் முடி. குளிர்காலத்தில் பிடிக்கிறார்கள். கூண்டில் வளர்ப்பது சரிப்படவில்லை, அதனால் முழுக்க வேட்டைதான். இமயமலையிலும் அந்த இனம் இருப்பதால் பன்னாட்டு வணிக ஒப்பந்தமான சைட்ஸின் மூன்றாம் பட்டியலில் அதைச் சேர்த்த நாடு இந்தியா. அதன் விளைவாக 2013, 2014 வாக்கில் அமெரிக்கத் துறைமுகங்களில் கோலின்ஸ்கி தூரிகைகள் தடுத்து நிறுத்தப்பட்டன. முடி முறையாக எங்கிருந்து வந்தது என்று காகிதம் காட்டச் சொன்னார்கள். அந்தக் கேள்வி நியாயமானது. நம் ஊர்க் கடையிலும் யாராவது அதைக் கேட்டிருக்க வேண்டும்.

ஆட்டு முடியும் மாட்டுக் காது முடியும் கறிக்கு அறுத்த பிராணியிடமிருந்து வருகின்றன. தூரிகைக்காக யாரும் ஆட்டை அறுப்பதில்லை. எப்படியும் வீணாகப் போவதுதானே என்ற வாதத்துக்குக் கொஞ்சம் கனம் இருக்கிறது. மிருதங்கத்துக்குப் பேர்போன ஊர் தஞ்சாவூர். பலாக்கட்டைக்கு இரண்டு பக்கமும் மாட்டுத்தோலும் ஆட்டுத்தோலும் இழுத்துக் கட்டினால்தான் நாதம். கச்சேரியில் ரசித்துத் தலையாட்டுகிறவர்களில் தோலைப் பற்றி யோசிப்பவர் சிலர்தான். தோலுக்கு ஒத்துக்கொண்டவர் ஆட்டு முடிக்கு மட்டும் முகம் சுளிப்பதில் பொருள் இல்லை. ஆனால் 'வீணாகப் போவது' என்று சொல்லும்போது, அது உண்மையிலேயே வீணாகப் போனதுதானா என்று தெரிந்திருக்க வேண்டும். முடிக்குத் தனி விலை ஏறிவிட்டால் அது துணைப்பொருளாக இருக்காது. அதற்காகவே உயிர் போகும். கன்றின் காது முடியையோ ஆட்டின் வயிற்று முடியையோ உயிரோடிருக்கும்போதே கத்தரித்து எடுக்கலாம். அறுவடை முடிந்த வயல்களில் கிடை போட ராமநாதபுரத்துக் கீதாரிகள் ஓட்டிவரும் மந்தைகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது தோன்றும். சில்பரத்னம் சொன்ன மூன்றில் இரண்டை ஒரு உயிருக்கும் தீங்கில்லாமல் இந்த மண்ணிலேயே எடுத்துக்கொள்ளலாம்.

முடியே இல்லாத தூரிகையும் படுகையில் உண்டு. திருவிடைமருதூர் வட்டத்தில் சிக்கல்நாயக்கன்பேட்டை என்ற ஊர். மராட்டிய அரசர் காலத்தில் கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் கோடாலிக்கருப்பூரில் நடந்த துணியோவியத்தின் தொடர்ச்சியாக அங்கே இன்றும் கலம்காரி எழுதுகிறார்கள். கருப்பூர்க் கலம்காரிக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கோயில் தேர்களில் குழாய்போலத் தொங்கும் துணித் தொம்பைகளில் இருக்கும் கறுப்புக் கோடுகளைக் கவனித்துப் பாருங்கள். மூங்கில் குச்சியாலும் தென்னை மட்டையாலும் செய்த எழுதுகோலால் இழுத்தவை அவை. சுவருக்கு வெள்ளையடிக்க நம் பாட்டன்மார் தாழை விழுதைத் துண்டாக்கி, நுனியைக் கல்லில் வைத்து நசுக்கி நார்நாராகப் பிரித்துக்கொண்டதும் இதே அறிவுதான். சுண்ணாம்பின் காரம் முடியை அரித்துவிடும், நாருக்கு ஒன்றும் ஆகாது. கேரளச் சுவரோவியக்காரர்கள் ஒருவகைப் புல்லால் தூரிகை கட்டுகிறார்கள். தாழம் நாரால் கிருஷ்ணனுக்குக் கண் எழுத முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பிராணி முடி இல்லாமல் நம் மரபு இல்லை என்று பேசுபவர்கள் தங்கள் ஊர்த் தேரை ஒருமுறை அண்ணாந்து பார்க்கலாம்.

அப்புறம் நைலான். 1938-இல் நைலான் இழை வைத்த பல்துலக்கி வரும்வரை பல் தேய்க்கவும் பன்றி முடிதான். இன்றைக்குப் பன்றி முடிப் பல்துலக்கியை யாரும் தேடுவதில்லை. ஓவியத் தூரிகை அவ்வளவு எளிதில் மாறவில்லை. நைலான் இழையில் செதில் இல்லை, தண்ணீர் குறைவாக நிற்கும், நாள்பட்டால் நுனி கொக்கிபோல வளையும். பெரிய பரப்பில் வண்ணநீரை ஓடவிடுகிற ஓவியருக்கு இது குறைதான். தஞ்சாவூர்ப் படத்தில் அந்த வேலையே கிடையாது. வண்ணத்தைச் சீராக நிரப்புவதும் கோடு இழுப்பதும்தான். இப்போது பலர் எடுக்கும் அக்ரிலிக் வண்ணத்தின் காரத்தன்மை முடியைக் கெடுக்கும். அதற்கு நைலானே மேல். பிளாஸ்டிக் மண்ணோடு மக்காதே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயம்தான். ஒரு தூரிகையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நுனியைக் கூட்டி வைத்துப் பல வருடம் ஓட்டுவதுதான் அதற்கு நான் கண்ட வழி.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது கொஞ்சம்தான். கைப்பிடியில் பெயரே இல்லாமல், கையால் கட்டியது போலிருந்து, முடியில் கரும்பழுப்பும் பாலேட்டு நிறமும் மாறி மாறி வந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். நைலானுக்கே அந்தப் பட்டை நிறத்தை ஏற்றி விற்பதும் உண்டு. ஏற்கெனவே கையில் இருப்பதில் சந்தேகம் வந்தால் ஓர் இழையை உருவித் தீக்குச்சியில் காட்டினால் தெரிந்துவிடும். நைலான் உருகிச் சின்ன உருண்டையாகும். முடி பொசுங்கி, மயிர் கருகும் நாற்றம் அடிக்கும்.

ஐயாவிடம் இதையெல்லாம் நான் சொன்னபோது அவருக்கு எழுபது வயது தாண்டியிருந்தது. சட்டம், சிறை என்றதற்கெல்லாம் அவர் அசையவில்லை. கிலோவுக்கு 50 என்றதும் கையிலிருந்த வேலையைக் கீழே வைத்தார். "அம்பதா?" என்று ஒருமுறை கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "நீங்க சொல்ற நைலான்ல ஒண்ணு வாங்கிட்டு வாங்க தம்பி, பாப்போம்" என்றார்.

ட்ரிபிள் ஜீரோ என்கிற மிக மெல்லிய அளவில் நைலான் தூரிகை ஒன்று வாங்கிப் போனேன். ஓர் அட்டையில் கண் எழுதிப் பார்த்தார். இமை கூர்ந்து முடிய வேண்டிய இடத்தில் கோடு கொஞ்சம் தடித்துவிட்டது. எனக்கே தெரிந்தது, அவருக்குத் தெரியாமல் இருக்குமா? ஒன்றும் சொல்லாமல் தூரிகையைக் கோந்துத் தண்ணீரில் நனைத்து, விரலால் கூட்டி, லென்ஸ் வைத்துப் பார்த்தார். பிளேடு நுனியால் வெளிச்சுற்றில் மூன்று நான்கு இழைகளை அடியோடு எடுத்தார். மறுபடி எழுதினார். அட்டையைத் தூரத்தில் நிறுத்திவைத்துப் பார்த்துவிட்டு, இன்னும் இரண்டு இழை எடுத்தார்.

அந்த வாரம் முடிந்த வெண்ணெய்த்தாழிக் கிருஷ்ணனுக்கு அந்தத் தூரிகையால்தான் கண் எழுதினார்.